போதும் என்று யார் சொல்வது?

தில்லியின் மந்திர் மார்க் வேண்டுதல்களின் சாலை. பெயரே கோயில் சாலை. வெள்ளைக்காரர் காலத்தில் வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் பெயரால் ரீடிங் ரோடு என்று அழைக்கப்பட்டது. பிர்லா மந்திர் என்று ஊரே அழைக்கும் லட்சுமி நாராயண் கோயில் இங்குதான் இருக்கிறது. எல்லாச் சாதியினரையும் உள்ளே விடுவதென்றால் வருகிறேன் என்று நிபந்தனை போட்டு, 1939-இல் காந்தி திறந்து வைத்த கோயில் அது. பக்கத்திலேயே ஒரு புத்த விஹாரம். கொஞ்சம் நடந்தால் வங்காளிகளின் காளி கோயில். செயின்ட் தாமஸ் தேவாலயம், அதே பெயரில் ஒரு பெண்கள் பள்ளி. 1946, 47-இல் காந்தி பல மாதங்கள் தங்கியிருந்த வால்மீகி கோயில். நம்மவர்களின் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியும் இதே சாலையில்தான்.

இத்தனை வாசல்களிலும் நுழைகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. ஊகிப்பது கடினமில்லை. பெண்ணுக்கு வரன், பையனுக்கு அட்மிஷன், தனக்குப் பிரமோஷன், சர்க்கரை குறைய வேண்டும், சம்பளம் கூட வேண்டும். கேட்பதில் தப்பில்லை. கேட்பதற்குத்தானே கடவுள்? ஆனால் 'போதும், இதற்கு மேல் வேண்டாம்' என்று சொல்வதற்காக உள்ளே போகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மை தெரியும். தில்லியில் சர்க்கார் வீடுகளுக்கு 'டைப்' உண்டு. உத்தியோகமும் சம்பளமும் உயர உயர டைப் இரண்டு, டைப் மூன்று, டைப் நான்கு என்று வீடும் ஏறும். விலாசத்தைச் சொன்னால் போதும், சம்பளம் தெரிந்துவிடும். டைப் இரண்டில் இருப்பவர் மூன்றுக்குக் காத்திருப்பார். மூன்று கிடைத்த அன்று நான்கில் இருப்பவரின் பால்கனி கண்ணில் படும். நடுவில் ஒரு சம்பளக் கமிஷன் வரும். அது வருவதற்கு முன்பே அடுத்த கமிஷன் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். குடும்பத்தின் சந்தோஷம் எப்போதும் அடுத்த டைப்பில்தான் இருக்கிறது.

'போதும்' என்பது தமிழில் சாதாரணச் சொல் இல்லை. பந்தியில் இலைமேல் கையை மறித்து விருந்தாளி சொல்லும் 'போதும்' ஒன்று. 'போதும், நிறுத்து' என்று அம்மா அதட்டுவது இன்னொன்று. 'போதுமடா சாமி' என்று பெருமூச்சு விடுவது மூன்றாவது. நிறைவு, கோபம், அலுப்பு மூன்றுக்கும் ஒரே சொல். எந்தப் போதும் என்பது குரலில்தான் இருக்கிறது.

கிறிஸ்தவர்களின் தமிழ் வேதாகமத்தைப் படிக்கும்போது, மொழிபெயர்ப்பை வேலையாகக் கொண்டவர்கள் ஓர் இடத்தில் நின்றுவிடுவார்கள். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் தன் மனநிலையைச் சொல்ல 'மனரம்மியம்' என்ற அழகான சொல் விழுந்திருக்கிறது. தீமோத்தேயுவுக்கான முதல் கடிதத்தில் அதே கருத்து 'போதுமென்கிற மனது' என்று வருகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நேர் அர்த்தம் தன்னிறைவு. எதையும் எவரையும் எதிர்பாராமல் நிற்பது. ஸ்டோயிக் தத்துவ ஞானிகள் பெருமையோடு பயன்படுத்திய சொல் அது. பவுல் அதை எடுத்துக்கொண்டு வேறு திசையில் திருப்பினார். என் பலம் என்னுடையதல்ல, எனக்குள் இருக்கிற இன்னொருவருடையது என்றார். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'தன்னிறைவு' என்று எழுதாமல் ஓர் இடத்தில் ரம்மியம் என்றும் ஓர் இடத்தில் போதும் என்றும் எழுதியது, அர்த்தம் புரிந்துதான் என்று தோன்றுகிறது.

அந்தக் கடிதத்தில் கவனிக்க இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அது சிறையில் காவலில் இருந்தபோது எழுதியது. பிலிப்பி நகரத்துச் சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் மூலம் பவுலுக்கு உதவி அனுப்பியிருந்தார்கள். அதற்கு நன்றி சொல்லும்போதுதான் இந்தப் பேச்சு வருகிறது. இரண்டு, மனரம்மியமாக இருப்பது தனக்குப் பிறவிக் குணம் என்று பவுல் சொல்லவில்லை. கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். குறைவிலும் கற்றுக்கொண்டாராம், நிறைவிலும் கற்றுக்கொண்டாராம். கற்றது என்றால் பாடம் உண்டு, பரீட்சை உண்டு, ஃபெயிலாவதும் உண்டு.

ஆனால் குடும்பஸ்தர்கள் ஒரு சின்ன ஆட்சேபம் சொல்லலாம். பவுல் தனிக்கட்டை. பீஸ் கட்ட வேண்டிய பிள்ளை இல்லை. மாதக் கடைசியில் அரிசி டப்பாவைத் தட்டிக் காட்டும் மனைவி இல்லை. ஒற்றை ஆள் 'எனக்குப் போதும்' என்பது ஒரு வகை. ஒரு வீட்டில் நான்கு பேர் இருக்கும்போது, ஒருவர் 'நமக்குப் போதும்' என்று அறிவித்தால் மற்ற மூவரின் கதி?

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் எழுதப்பட்ட மிக நேர்மையான பதில் ஒரு மராத்திய அம்மாளின் சுயசரிதையில் இருக்கிறது. லட்சுமிபாய் திலக் எழுதிய 'ஸ்மிருதிசித்ரே'. 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. மராத்தி உரைநடையின் சிகரங்களில் ஒன்றாக இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். 1950-இல் ஆங்கிலத்துக்குப் போனது. 2017-இல் ஷாந்தா கோகலே புதிதாக மொழிபெயர்த்தார். பள்ளிக்கூடப் படிப்பே இல்லாத, கணவர் எழுத்துக் கற்றுக்கொடுத்த பெண் எழுதிய புத்தகம் அது.

லட்சுமிபாய் 1868-இல் நாசிக் வட்டாரத்தில் பிறந்தவர். சித்பாவன் பிராமணக் குடும்பம். அப்பா மடி ஆசாரத்தில் வெறி பிடித்தவர். கடையிலிருந்து வரும் பண்டங்களையெல்லாம் கழுவியாக வேண்டும். பதினொரு பன்னிரண்டு வயதில் நாராயண் வாமன் திலக்குக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். அரசியல் தலைவர் பால கங்காதர திலகர் வேறு, இவர் வேறு. இவர் கவிஞர், பண்டிதர், முன்கோபி. கையில் காசு தங்காது. எவன் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவார். ஒரு வேலையில் நிலைக்க மாட்டார். சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விடுவார். லட்சுமிபாய் இதையெல்லாம் அழுதபடி எழுதவில்லை. சிரித்தபடி எழுதுகிறார். அந்தச் சிரிப்புக்குள்ளே பசி இருப்பதும் தெரிகிறது.

ஒரு ரயில் பயணத்தில் எதிரே உட்கார்ந்திருந்த ஐரோப்பியர் ஒருவர் திலக்குக்குப் புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார். படிக்கப் படிக்க இயேசுவின் மலைப்பிரசங்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1895 பிப்ரவரியில் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். குடும்பத்தில் இடி விழுந்தது. கணவர் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு விதவையின் நிலை. சின்னப் பையன் தத்துவை வைத்துக்கொண்டு லட்சுமிபாய் சொந்தக்காரர்களின் நிழலில் நாளைக் கழித்தார். கிட்டத்தட்ட ஐந்து வருஷம். அந்தப் பிரிவில்தான் அவருக்குக் கவிதை வந்தது.

பிறகு அகமதுநகருக்குக் கணவரிடம் திரும்பிப் போனார். கிறிஸ்தவராகப் போகவில்லை. மனைவியாகப் போனார், சாதி ஆசாரத்தை விடாமல். இதில் திலக்கைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். என் மதத்துக்கு வா என்று மனைவியை அவர் நெருக்கவில்லை. முன்கோபக்காரருக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ! சாதியைக் கடவுள் செய்தாரா மனிதர் செய்தார்களா என்று லட்சுமிபாய் தனக்குத்தானே வழக்காடிப் பார்த்தார். தீர்ப்பு மனிதருக்கு எதிராக வந்தது. யார் கையாலும் சாப்பிடலாம், யார் கைத் தண்ணீரும் குடிக்கலாம் என்று முடிவு செய்தார். மதமாற்றம் அதற்குப் பிறகுதான். 1900-இல் அவரும் ஞானஸ்நானம் பெற்றார்.

கதை இங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. சபையில் சேர்ந்ததும் வீட்டில் பாலும் தேனும் ஓடவில்லை. திலக்கின் கை இன்னும் தாராளமாகத்தான் இருந்தது. கூடவே இப்போது அதற்கு வேத ஆதாரமும் கிடைத்துவிட்டது! அனாதைப் பிள்ளைகள், மாணவர்கள், எழுத்தாளர்கள் என்று வீட்டில் எப்போதும் ஆள். பின்னாளில் மராத்தியின் பெருங்கவிஞர்களில் ஒருவராகப் போற்றப்பட்ட பாலகவி, இந்துப் பையன், இந்தக் கிறிஸ்தவ வீட்டில் தங்கி வளர்ந்தவர். இத்தனை பேருக்கும் உலை வைத்தது யார்? 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று கணவர் சொல்லும்போது, கர்த்தர் பார்த்துக்கொள்வதற்கான விறகையும் பருப்பையும் தேடியவர் யார்?

1917-இல் திலக் மிஷன் வேலையை, மாதச் சம்பளத்தோடு சேர்த்து, விட்டுவிட்டார். கிறிஸ்தவ சந்நியாசியாக வாழப்போவதாக அறிவித்தார். துக்காராமின் அபங்கங்களைப் பாலமாகக் கொண்டு கிறிஸ்துவிடம் வந்ததாகச் சொல்லிக்கொண்டவர், கிறிஸ்துவையும் இந்தியக் கோலத்தில் பின்பற்ற நினைத்தார். பெரிய லட்சியம், சந்தேகமில்லை. ஆனால் சந்நியாசிக்கு மனைவி இருந்தார். வளர்ந்த மகன் இருந்தான். அவர்களுடைய வாழ்க்கையும் சேர்ந்துதான் பரணை விட்டு இறங்கியது. இரண்டே வருஷத்தில், 1919 மே மாதம், பம்பாயில் திலக் காலமானார்.

லட்சுமிபாயின் புத்தகம் ஏன் முக்கியம் என்றால், அது கணவரைத் தெய்வமாக்கவில்லை, குற்றவாளியாக்கவும் இல்லை. சண்டையை மறைக்கவில்லை. இவரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறார். அப்படிச் சொல்லிக்கொண்டே, இந்த வாழ்க்கையை வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்பது வாசகருக்குத் தெரியும்படி எழுதுகிறார். கோபம் இருந்தால் மனநிறைவு இல்லை என்று நினைக்கிறவர்கள் இந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல முடிந்த வீட்டில்தான் நிறைவு நீடிக்கிறது. விழுங்கப்பட்ட வார்த்தைகள் வயிற்றில் செரிப்பதில்லை.

'போதும்' என்ற உபதேசத்தில் உள்ள ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அது பெரும்பாலும் மேலிருந்து கீழே பாய்கிறது. முதலாளி தொழிலாளிக்குச் சொல்கிறார். மாமியார் மருமகளுக்குச் சொல்கிறார். அண்ணனுக்கு இன்ஜினியரிங் சீட் வாங்கிக் கொடுத்த அப்பா, தங்கைக்கு 'பி.ஏ. போதும்மா' என்கிறார். புதுப் புடவை கேட்காத மனைவி பக்தியுள்ளவள், புது மோட்டார் சைக்கிள் வாங்கும் கணவர் காலத்தோடு போகிறவர்! பவுலின் கடிதத்தை மறுபடி பார்த்தால், அவர் தன் பசியைப் பற்றித்தான் 'பரவாயில்லை' என்கிறார். அடுத்தவர் பசியைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. உங்கள் உதவி எனக்குத் தேவைப்படவில்லை என்று அனுப்பியவர்களை அவமதிக்கவும் இல்லை. என் கஷ்டத்தில் பங்கெடுத்தது நல்லது செய்தீர்கள் என்று மனமாரச் சொல்கிறார். ஆக, போதும் என்பது தன்னிலை வினை. 'எனக்குப் போதும்' என்றால் அது பக்தி. 'உனக்குப் போதும்' என்றால் அது அதிகாரம்.

இருவர் சேர்ந்து 'நமக்குப் போதும்' என்று சொன்னதற்கும் உதாரணம் இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டில். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி.எஸ். அசரியா, 1898-இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். அந்தக் காலத்தில் கல்லூரிப் படிப்புவரை போன பெண் அவர். வரதட்சணை வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம் என்று செலவைச் சுருக்கிக் கல்யாணம் நடந்தது. இன்று படிக்கும்போது இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். சர்ச்சில் நடந்தால் வரதட்சணை இராது என்று நினைத்துவிடாதீர்கள். பவுனும் ரொக்கமும் பேசி முடித்த பிறகு ஓலை வாசிக்கப்படும் கல்யாணங்கள் இன்றும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம்மால் எட்ட முடியாத இடத்தில் அந்தச் சின்ன விஷயம் நிற்கிறது.

அசரியா பிறகு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போனார். அங்கே அவர்களுடைய முதல் வீடு ஒரு கூடாரம். 1912-இல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். அன்பு அம்மையாரும் கிராமப் பெண்கள் நடுவே உழைத்தார். பிஷப்பின் மனைவி என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இல்லை. இந்தக் குடும்பத்தில் எளிமை ஒருவர் போட்ட சட்டமாக இருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே இருவரும் ஒத்துக்கொண்ட கணக்கு அது. திலக் வீட்டில் இல்லாமல் போனது இந்த ஒத்துக்கொள்ளல்தான். லட்சுமிபாய் அதைத் தன் சொந்தச் செலவில் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

தினசரி வாழ்க்கையில் இது எப்படி நடக்கும்? பெரிய தியாகங்களால் நடப்பதாகத் தெரியவில்லை. சமையலறை அளவில் நடக்கிறது. மிசோரம் கிறிஸ்தவப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. 'புஹ்ஃபாய் தாம்' என்பார்கள், பிடி அரிசி என்று பொருள். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும், அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். சபைப் பெண்கள் வந்து அதைச் சேர்த்துக்கொண்டு போவார்கள். விற்ற பணம் சபையின் ஊழியங்களுக்கு. 1910-இல் ஏழை மலைக் கிராமங்களில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

அந்தப் பிடி அரிசியின் சூட்சுமம் என்ன? பானையில் மிச்சம் இருந்தால் கொடுப்போம் என்று காத்திருப்பதில்லை. சமைப்பதற்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். எடுத்த பிறகு பானையில் இருப்பது எவ்வளவோ அதுவே அன்றைக்குப் 'போதும்'. அதாவது, போதும் என்ற எண்ணம் முதலில் வந்து கை பிறகு நீளவில்லை. கை முதலில் நீண்டது, எண்ணம் பின்னால் வந்தது. மனம் மாறட்டும், பிறகு பழக்கத்தை மாற்றிக்கொள்கிறேன் என்கிறோம் நாம். அந்தப் பெண்களுக்கு மூன்று தலைமுறையாக வேறு வரிசை தெரியும்.

பழைய ஏற்பாட்டில் மன்னாவின் கதை இதே கணக்கைத்தான் சொல்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு விடியற்காலையில் கிடைத்த ஆகாரத்தை அன்றன்றைக்குத் தேவையான அளவு எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கென்று பதுக்கியது புழுத்துப் போனது. ஓய்வுநாளுக்கு முந்தின தினம் மட்டும் இரண்டு மடங்கு, அது கெடவில்லை. கிறிஸ்தவர்கள் தினமும் சொல்லும் ஜெபத்திலும் ஆகாரம் அன்றைய தினத்துக்கு மட்டும்தான் கேட்கப்படுகிறது. அடுத்த டைப் வீடு அதில் இல்லை. கேட்பவரும் ஒருமையில் கேட்பதில்லை, 'எங்களுக்கு' என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் அந்த 'எங்களுக்கு'க்குள் வந்துவிடுகிறார்.

இதையெல்லாம் வைத்து, வாடகை ஏறும் ஊரில், மூன்று பிள்ளைகளின் பீஸ் கட்டும் தகப்பனிடம் போய் 'திருப்தியாக இருங்கள்' என்று சொன்னால் அவர் சிரிப்பார். சிரிக்கட்டும், நியாயம்தான். கூலி உயர்வு கேட்பதும், ஓட்டைக் கூரையை மாற்றச் சொல்லி மனுப் போடுவதும் மனநிறைவுக்கு எதிரி இல்லை. பவுலே தனக்கு நீதி கிடைக்காதபோது இராயனிடம் அப்பீல் செய்தவர்தான். மனரம்மியம் வேறு விஷயம். அப்பீலின் முடிவு வருகிற வரையில் இரவுச் சாப்பாட்டை வீட்டாரோடு முகம் கொடுத்துப் பேசிச் சாப்பிட முடிகிறதா என்பது அது. மாலையில் பாய் விரித்து, ஒரு பாட்டுப் பாடி, ஒரு அதிகாரம் வாசித்து, முழங்கால் போடும் குடும்ப ஜெபத்தைத் தென்தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் முதலில் வருவது நன்றி, கோரிக்கை அப்புறம். நன்றி சொல்லிப் பழகிய வாய்க்குப் பட்டியல் கொஞ்சம் குறைகிறது. அவ்வளவுதான் ரகசியம். ஆனால் தினமும் செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம்.

திலக் இயேசுவின் வாழ்க்கையைக் காவியமாகப் பாடத் தொடங்கியிருந்தார். பெயர் 'கிறிஸ்தாயன்'. பதினோரு அத்தியாயங்களோடு அவர் ஆயுள் முடிந்தது. வாழ்நாள் முழுக்க அவர் பாதியில் விட்ட வேலைகளை எடுத்துச் செய்தே பழகிய மனைவி இதையும் எடுத்துக்கொண்டார். எழுத்தே கணவரிடம் கற்ற பெண், அறுபத்து நான்கு அத்தியாயங்கள் எழுதி முடித்தார். 1936-இல் இறந்தார். காவியம் அச்சானது 1938-இல்.

பதினொன்று அவருடையது, அறுபத்து நான்கு இவருடையது. எது போதும், எது போதாது என்று லட்சுமிபாய்க்குத் தெரிந்திருந்தது. சாப்பாட்டில், புடவையில், வீட்டில் அவர் போதும் என்று சொல்லக் கற்றுக்கொண்டார். அன்பிலும் வேலையிலும் அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது என்பதுதான் யோசிக்க வேண்டியது.